பிரேக்கை மிதிக்க ஓர் ஆள்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ராஜா கதையும் இல்லை, பேய்க் கதையும் இல்லை. ஒரு பழைய காரின் கதை, அதை வாங்கியவளின் கதை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்திருந்தால் அணைத்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

அவளைத் தெருவில் எல்லோரும் பல்லுக்காரி என்பார்கள். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத சின்ன அறையில் உட்கார்ந்து பல் செட் செய்வது அவள் வேலை. டாக்டர் அந்த அறைக்கு வருவதில்லை. ஒரு பெட்டியில் நோயாளியின் பல் அச்சை வைத்து, மேலே ஒரு சீட்டைச் சொருகி அனுப்புவார்: 'மேல் வரிசை, ஆறு பல், கொஞ்சம் மஞ்சளாக.' பத்தொன்பது வருஷமாக ஊரார் வாயெல்லாம் அவள் மேசைமேல் வெள்ளை அச்சாக வந்து குவிகின்றன. ஒரு வாயும் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

கார் வாங்க அவள் போகவில்லை. ஃபிரிட்ஜ் வாங்கத்தான் பணம் சேர்த்திருந்தாள். விளம்பரத்தைப் பார்த்துப் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைப் பார்க்கப் போன வீட்டில், கொல்லைக் கொட்டகையில், கோழிகளுக்கு நடுவே அது நின்றது. இரண்டே இருக்கை. கூரையை மடக்கி வைக்கிற ஸ்போர்ட்ஸ் கார். அவளைவிட ஆறு வயது மூத்தது. சும்மா ஒரு ஆசைக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் அவளுக்குப் பொருந்தியது. பக்கத்து இருக்கையில், யாரோ இப்போதுதான் இறங்கிப் போன மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், ஃபிரிட்ஜ் விலைக்கே காரைப் பேசி முடித்துவிட்டாள்.

அப்போது அவள் அக்கா உயிரோடு இருந்தாள். வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, ஃபிரிட்ஜ் வாங்கப் போனவ ஓட்டை வண்டியோட வந்து நிக்கிறியே! இதுல என்ன, காய்கறி வைக்கப் போறியா?"

அக்கா மூன்று பேருக்குச் சேர்த்துப் பேசுவாள். அவள் புருஷன், அதாவது நம் பல்லுக்காரிக்கு அத்தான், ரயில்வே கேட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மேலிருந்து உத்தரவு வராமல் கேட்டைத் தூக்காதவர். வாயும் அப்படித்தான், கேட்டால் திறக்கும், இல்லாவிட்டால் மூடியே இருக்கும்.

நான்கு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அந்தக் காருக்கே போயின. ஓர் அச்சகத்தின் பின்புறக் கொட்டகையில் வண்டியை நிறுத்த இடம் கிடைத்தது. கையில் காசு இல்லாதவளுக்குக் கைதான் காசு. தூக்கி எறிந்த வாஷிங் மெஷினின் தகட்டை வெட்டித் தரையை ஒட்டுப் போட்டாள். பல் குடைகிற ஊசியால் கார்பரேட்டரின் பொடித் துளைகளைச் சுத்தம் செய்தாள். கியர் குச்சியின் குமிழ் உடைந்திருந்தது. பல் செட் செய்கிற பிளாஸ்டிக்கிலேயே புதிதாக வார்த்தாள். அவளிடம் இருந்தது ஈறு நிறம் மட்டும்தான். ஆக, உலகத்திலேயே ஈறு நிறத்தில் கியர் குமிழ் உள்ள ஒரே கார் அது.

இதற்கு நடுவில் அக்கா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள், ஒன்பதே நாள்.

முதலில் கொஞ்ச நாள் ஞாயிறு தோறும் அத்தான் போன் செய்தார். "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன், நீங்க?" என்பாள். "ஆச்சு" என்பார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஓடாது. பேச்சை நடத்தியவள் அக்காதானே. போன் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாகி, சண்டையில்லாமல் சச்சரவில்லாமல் நின்றுபோனது.

இப்படி இருக்கையில் அச்சகக்காரர் ஒரு நாள் வந்தார்.

"கொட்டகைய இடிச்சுக் கட்டப் போறேம்மா. மாசக் கடைசிக்குள்ள வண்டி போயிடணும். தப்பா நினைச்சுக்காதீங்க."

வாகனச் சோதனை மையத்தில் தேறாத வண்டியைத் தெருவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பழைய இரும்புக்கு இழுத்துப் போய்விடுவார்கள். எஞ்சின் ஓடியது, விளக்கு எரிந்தது. பாக்கி இருந்தது பிரேக் மட்டும்தான். குழாய்களை மாற்றி ஆயிலும் ஊற்றியாகிவிட்டது, ஆனால் உள்ளே காற்று புகுந்திருந்தது. பெடலை மிதித்தால் ஊறிய ரொட்டியைப்போல் அமுங்கியது.

அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும், கண்ணுகளா. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தருகே ஒரு திருகைத் திறந்து, காற்று வெளியேறியதும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். பல்லுக்காரி விளக்குமாற்றுக் கட்டையைப் பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவே முட்டுக் கொடுத்துப் பார்த்தாள். கட்டை நழுவியது. செங்கல் வைத்தாள். ஆயில் முகத்தில் அடித்ததுதான் மிச்சம்.

ஒரு மெக்கானிக்கிடம் போனில் கேட்டாள்.

"இதுக்கெல்லாம் நான் எதுக்குங்க? வீட்டுல யாரையாவது மிதிக்கச் சொல்லுங்க. பத்து நிமிஷ வேலை."

வீட்டில் யாரையாவது. போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். எதிர் வீட்டுக்காரியின் பெயர்கூடத் தெரியாது. டாக்டரிடம் சீட்டு எழுதியா அனுப்புவது? அவள் எண்ணிப் பார்த்தாள். உலகத்தில் இத்தனை கால்கள் நடக்கின்றன, பத்து நிமிஷம் இரவல் கேட்க அவளுக்கு ஒரு கால் இல்லை.

மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது அத்தானைக் கூப்பிட்டாள்.

"பிரேக்கை மிதிக்கணும் அத்தான். வேற யாரும் இல்லை."

"எப்ப வரணும்?" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிறு காலை இரண்டு பஸ் மாறி வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. அந்தத் தணிவான இருக்கையில் முனகிக்கொண்டே இறங்கினார்.

"இது காரா, குளிக்கிற தொட்டியா?"

"மிதிங்கன்னா மிதிங்க. விடுங்கன்னா விடுங்க. நான் சொல்லாம காலை எடுக்கக் கூடாது."

"அதை எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றார் அந்த ரயில்வே கேட்காரர்.

முதல் சக்கரம் ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதில் காற்றுக் குமிழிகள், திருகில் மாட்டியிருந்த கண்ணாடிக் குழாயில் மணிபோல் வரிசையாக வந்தன. திருகை மூடினாள். அருகே கொஞ்சம் துரு தெரிந்தது. அரம் எடுத்துத் தேய்த்தாள். துடைத்தாள். ஊதினாள். மறுபடி தேய்த்தாள். கால் மணி நேரம் போயிருக்கும். நிமிர்ந்தவள், அத்தானைப் பார்த்துப் பதறிவிட்டாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பற்றிக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்த்து, கால் வெடவெடவென்று நடுங்க, அவர் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ அத்தான்! இன்னுமா விடல?"

"நீ சொல்லலையே."

"சொன்னேனே, விடுங்கன்னு…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். சொன்னாள்தான். மனதுக்குள் சொல்லியிருக்கிறாள். வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. எத்தனை காலமாக இப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

"வாயை விட்டுச் சொல்ல மறந்துட்டேன்" என்றாள்.

அத்தான் தொடையைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கு நேர்மாறா ஆகுது. நேத்து டீ போட்டுட்டு, ஆறிடப் போகுது வான்னு சத்தமா கூப்பிட்டேன். கூப்பிட்டப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

அவள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மூன்றாவது சக்கரத்தருகே போனாள்.

"அடுத்த சக்கரத்துக்குக் கத்திச் சொல்லு. பச்சைக் கொடி காட்டினாலும் சரி" என்றார்.

நான்காவது சக்கரம் முடிந்தபோது பெடல் கல்லாகிவிட்டது. "ஒரு சுத்து போயிட்டு வரலாமா அத்தான்?" என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். அவரை இருக்கையிலிருந்து கிளப்பவே பெரும்பாடாயிற்று.

போகும்போது வாசலில் நின்று கேட்டார். "மறுபடி எப்ப காத்து எடுக்கணும்?"

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும். அப்பதான்."

"ரெண்டு வருஷம்" என்றார். "சரி. அப்ப சொல்லி அனுப்பு."

வண்டி தேறியது. சோதனை செய்தவர் பிரேக்கை அழுத்திப் பார்த்து, "காத்தை நல்லா எடுத்திருக்காங்களே, எந்த மெக்கானிக்?" என்றார். "நானும் எங்க அத்தானும்" என்றாள். அதை இன்னொரு தடவை கேட்கமாட்டாரா என்று இருந்தது.

கூரையை மடக்கிவிட்டு ஊரைச் சுற்றினாள். ஆட்கள் நின்று பார்த்தார்கள். சிக்னலில் ஒரு குழந்தை கை ஆட்டியது. பக்கத்து இருக்கையில் சாப்பாட்டு டப்பாவும் சோதனைச் சீட்டும் ஆடிக்கொண்டே வந்தன. போக இடம் என்று ஒன்றும் இல்லாததால் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அடுத்த ஞாயிறு வந்தது. வண்டியில் செய்ய ஒரு வேலையும் இல்லை. துடைத்ததையே துடைத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின்சக்கரத்தருகே மண்டியிட்டு, அந்தத் திருகைத் தன் கையாலேயே திறந்தாள். ஆயில் சொட்டி, உள்ளே காற்று போனது. மூடினாள். உட்கார்ந்து மிதித்தாள். பெடல் கால் பாரத்துக்கு அப்படியே கீழே போனது. போனை எடுத்தாள்.

"அத்தான், பிரேக்ல காத்து ஏறிடுச்சு."

அந்தப் பக்கம் அத்தான் கணக்குப் போட்டார்.

"ரெண்டு வருஷம்னு சொன்னியே. இன்னும் ரெண்டு வாரம்கூட ஆகலையே?"

பழைய வண்டி, அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"நான்தான் திறந்துவிட்டேன்" என்றாள், வாயைவிட்டே.

அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"எந்தச் சக்கரம்?"

"பின்னால, இடது பக்கம்."

"நாலையும் திறந்துவிடு. ஒண்ணே ஒண்ணுக்காகவா ரெண்டு பஸ் மாறி வருவாங்க?"

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு எப்போதும் ஒரு பதில் குரல் இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவர்களுக்குக் கடைசி பஸ் கொஞ்சம் தாமதமாகவே வரட்டும். நன்றாக இருங்கள்.