பின்வரிசையில் யாரும் மூச்சு விடவில்லை

என் மகன் ஜெஃப்ரிக்கு ஒரு பழக்கம். முடிவு எடுத்துட்டுத்தான் யோசனை கேப்பான். பாத்ரூம்ல நான் வழுக்கி விழுந்த மறுநாள் காலையிலேயே பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான்ல இருந்து வந்து நின்னான்.

"ம்மா, இந்த ப்ளாட்ட வித்துட்டு எங்களோட வந்துருங்க. ரூம் ரெடி. நீங்க என்ன சொல்றீங்க?"

ரூமுக்கு பெயிண்டும் அடிச்சாச்சாம். இதுல நான் என்னத்த சொல்ல?

எலும்பு ஒண்ணும் உடையல. விழுந்ததுகூட பெரிசில்ல, அறுபது தாண்டினா யாரும்தான் வழுக்குவாங்க. விழுந்த இடத்துல இருந்து எந்திரிக்க முடியல, அதான் விஷயம். பக்கெட்டப் பிடிச்சேன், பக்கெட் என்னோட சாஞ்சுது. சுவத்தப் பிடிச்சேன், சோப்புத் தண்ணி. பக்கத்து வீட்டு ஆயிஷா பசாருக்கு காய் வாங்கக் கூப்பிட வந்தவ, தட்டித் தட்டிப் பாத்துட்டு, அவகிட்ட இருக்கிற சாவியப் போட்டுத் திறந்து, அக்குள்ல கை குடுத்துத் தூக்கினா. தூக்கும்போதே, "நோன்புக் கஞ்சி அண்டாகூட இந்தக் கனம் கனக்காது பிலோ"ன்னு ஒரு குத்து வேற.

பிலோன்னா பிலோமினா. நாந்தான். பினாங்குத் தீவுல ஜெலுத்தோங் ப்ளாட், நாலாவது மாடி. எனக்கு பசார், கிளினிக், மாதா கோயில், ஆயிஷா எல்லாம் நடக்கிற தூரம். பத்து காவான்ல ஒரு முட்டை வாங்கணும்னாலும் காடி எடுக்கணும். எனக்கு காடி ஓட்டத் தெரியாது. அங்க போனா நான் மகன் வீட்டு சோபாவுல ஒரு தலகாணி. அன்பாத்தான் வெச்சுக்குவாங்க, தலகாணிய யாரு வெறுப்பா? ஆனா எனக்கு தலகாணியா இருக்கப் பிடிக்கல.

அதனால ஜெஃப்ரிகிட்ட பேரம் பேசினேன். வருசா வருசம் ஜூலை மாசம் செயின்ட் ஆன்ஸ், அதான் அன்னம்மாள் திருவிழாவுக்கு புக்கிட் மெர்த்தாஜாம் போவோம். கூட்டம் கோயிலுக்குள்ள அடங்காது. வெளிய புல்லுல பாய் விரிச்சு உக்காந்துதான் தமிழ்ப் பூசை பாக்கிறது. அங்க பெஞ்சு கிடையாது, சுவர் கிடையாது, பிடிச்சுக்க ஒரு தூண் கிடையாது.

"அந்தப் புல்லுல எல்லாரோடயும் முட்டி போடுறேன். எதையும் பிடிக்காம, யார் கையும் தொடாம எந்திரிக்கிறேன். எந்திரிச்சுட்டா இந்த ப்ளாட்டப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது."

"முடியலைன்னா?"

"அப்படியே காடியில ஏறி உன் வீட்டுக்கு வந்துடுறேன்."

"ஓகே"ன்னு கை குடுத்தான். அவன் முகத்துல அவ்வளவு நிம்மதி. ஜெயிச்சாச்சுன்னே நினைச்சுட்டான், பாவி.

ஆயிஷா அந்த சனிக்கிழமையே என்னை இழுத்துட்டுப் போனா. எங்க ப்ளாட்டுக்குக் கீழ இருக்கிற டேவான் ஹால்ல வனேசான்னு ஒரு பொண்ணு யோகா சொல்லித் தருது. வயித்துல ஆறு மாசம். அந்த வயித்தோட அது குத்த வெச்சு உக்காந்து எந்திரிக்கிற அழக பாக்கணும். ஃபாதர்கிட்ட யோகாவுக்குப் போகலாமான்னு முன்னாடியே கேட்டேன். "மூச்சு விடறதுக்கெல்லாம் எங்கிட்ட பெர்மிஷன் கேக்காத பிலோமினா"ன்னு சிரிச்சார். ஆயிஷா யாரையும் கேக்கல. "மந்திரமா மாயமா, முட்டிக்கு எக்ஸசைஸ் லா"ன்னு தலையில டுடோங்க இறுக்கிக் கட்டிட்டு வந்துட்டா.

கிளாஸ்ல பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க இருந்தாங்க, நாசி கண்டார் சோத்துக் கடையில நின்னு நின்னு இடுப்பு போன ஹைதர் அண்ணன் இருந்தாரு, பின்வரிசையில எங்கள மாதிரி அஞ்சாறு பேர். எல்லாருக்கும் ஒரே ஆசனந்தான். குத்த வெச்சு உக்கார்றது. "எனக்கு இது பிரசவத்துக்கு, ஹைதர் அண்ணனுக்கு இடுப்புக்கு, ஆன்ட்டி உங்களுக்கு எந்திரிக்கிறதுக்கு"ன்னு வனேசா சொன்னதும் எனக்கு ஒரே குஷி. பள்ளிக்கூடத்துல ஸ்கர்ட்ட சொருகிட்டு குட்டிக்கரணம் போட்டவ நான். கன்யாஸ்திரி பிரம்ப எடுத்துட்டு ஓடி வருவாங்க. அந்த உடம்பு எங்கயும் போகல, உள்ளதான் எங்கயோ தூங்குதுன்னு தோணுச்சு.

கொஞ்ச நாள்ல காலு சொன்ன பேச்சு கேக்க ஆரம்பிச்சுது. குனிஞ்சா பாதம் தெரிஞ்சுது. மாடிப் படியில ஆயிஷாவ முந்தினேன். ஆனா அந்த எந்திரிக்கிறது மட்டும் வரல. முட்டி போட்டு, ஒரு கால முன்னுக்கு வெச்சு, உடம்ப மேல தூக்குவேன். பாதி தூரம் போனதும் கண்ணு இருட்டும், காது அடைக்கும், பொத்துன்னு உக்காந்துடுவேன். ஒவ்வொரு வாட்டியும் அதே பாதி. திருவிழா கிட்ட வந்துடுச்சு. வாட்ஸாப்ல ஜெஃப்ரி, ரூமுக்கு வாங்கின கர்டன் படம் அனுப்பறான். நீல பூப்போட்ட கர்டன். எனக்கு வந்த ஆத்திரத்துல போன சோபா மேல வீசினேன்.

வனேசாவுக்கும் புரியல. "காலுக்கு பலம் வந்துருச்சு ஆன்ட்டி. வேற ஏதோ தடுக்குது"ன்னு நெத்தியச் சுருக்கிட்டு நின்னுச்சு.

அடுத்த சனிக்கிழமை ஃபேன நிப்பாட்டச் சொல்லிட்டு, எல்லாரையும் ஒத்தக் கால்ல நிக்க வெச்சு, வனேசா வயித்தப் பிடிச்சுக்கிட்டு வரிசை வரிசையா நடந்து வந்துச்சு. முன்வரிசையில ஹைதர் அண்ணன் விடுற மூச்சு டேவான் பூரா கேக்குது. பிள்ளைங்க உஸ்ஸு உஸ்ஸுன்னு விடுறாங்க. பின்வரிசைக்கு வந்து நின்னுச்சு. காதக் குடுத்துச்சு. அப்படியே நின்னுச்சு.

"இங்க யாருமே மூச்சு விடல"ன்னு சொல்லுச்சு.

நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். உண்மைதான். எல்லா முகமும் சிவந்து கிடக்கு.

"நீங்கள்லாம் முன்ன எங்க வேலை செஞ்சீங்க?"

ஆயிஷா ஒத்தக் கால கீழ வெச்சுட்டு, குனிஞ்சு, ஒரு கண்ண மூடி, ரெண்டு விரலால ஊசி பிடிக்கிற மாதிரி பிடிச்சுக் காமிச்சா. காமிக்கும்போதே மூச்ச அடக்கிட்டா. அதப் பாத்ததும் பின்வரிசை மொத்தமும், நானும்தான், தன்னால குனிஞ்சு அதே மாதிரி பிடிச்சோம். ஒருத்தரும் மூச்சு விடல. அப்புறம் எல்லாரும் வெடிச்சுச் சிரிச்சதுல ஹைதர் அண்ணன் கால் தவறி உக்காந்துட்டாரு.

பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக் கிலாங், ஃபேக்டரி. பின்வரிசை பூரா அந்தக் காலத்து மைக்ராஸ்கோப் பொம்பளைங்க. முடியவிட மெல்லிசா தங்கக் கம்பி, அத கடுகளவு சில்லுல கொண்டு போய் ஒட்டணும். மூச்சு விட்டா கை ஆடும். கை ஆடினா பீஸ் ரிஜெக்ட். வேலைக்குச் சேந்த முதல் வாரமே அக்காமாருங்க சொல்லித் தர்ற பாடம், "தொடும்போது மூச்சப் பிடி." வேலைய விட்டு எத்தனையோ வருசம் ஆச்சு. மூச்சு மட்டும் இன்னும் ஷிஃப்ட் முடிக்கல.

சிரிச்சு முடிச்சதும் எனக்கு கோவம் கோவமா வந்துச்சு. யோசிச்சுப் பாத்தா எல்லாத்துக்கும் இப்படித்தான் இருந்திருக்கேன். ஜெஃப்ரி வயித்துல இருக்கும்போதும் மைக்ராஸ்கோப்புதான். பிரசவத்துல நர்ஸ் மிஸ்ஸி என் கன்னத்தத் தட்டித் தட்டி, "நாஃபாஸ் கா, நாஃபாஸ்", மூச்சு விடு மூச்சு விடுன்னு மலாய்ல கத்துனது இன்னும் காதுல இருக்கு. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல உடம்பு திடீர் திடீர்னு கொதிச்சப்பவும் பல்லக் கடிச்சுட்டு நின்னேன். எங்க வீட்டுக்காரர் சவப்பெட்டிய மூடும்போதும் அப்படித்தான். எப்பதான் ஒழுங்கா விட்டேன்னு கேட்டா ஞாபகம் வரல.

வனேசா என் முன்னால உக்காந்து, "பேசிக்கிட்டே எந்திரிங்க ஆன்ட்டி. பேசுறவங்களால மூச்சப் பிடிக்க முடியாது"ன்னுச்சு.

"இவள பேசச் சொல்லியா வைத்தியம்? ஊரு தாங்காது"ன்னா ஆயிஷா.

நான் முட்டி போட்டேன். கால முன்னுக்கு வெச்சேன். "ஏண்டா ஜெஃப்ரி, எரும, யாரக் கேட்டுடா நீலக் கர்டன் வாங்கின"ன்னு திட்ட ஆரம்பிச்சேன். 'வாங்கின' வந்தப்ப நான் நின்னுட்டிருந்தேன். கண்ணு இருட்டல. டேவான் பூரா கை தட்டுது. எனக்கு அழுகை வந்துடுச்சு, அழுதுட்டேன், என்ன இப்ப?

அதுக்கப்புறம் தினமும் வீட்ல அவனத் திட்டித் திட்டித்தான் பழகினேன். அவ்வளவு திட்டும் அவனுக்குத் தெரியாது, பத்து காவான்ல தும்மி இருப்பான்.

திருவிழா அன்னிக்கு காடி கொண்டு வந்தான். "எதுக்கும் ஒரு பேக் எடுத்துக்குங்கம்மா"ன்னான். எடுத்தேன். தூக்கி காடி பின்னால பூட்ல வைக்கும்போது, "என்ன வெயிட்டே இல்ல"ன்னு கேட்டான். யோகா மேட்ட மட்டும் சுருட்டி வெச்சிருந்தேன், ஒரு துணி வைக்கல. சொல்லல.

புல்லுல பாய் விரிச்சோம். வெயில் மண்டையப் பொளக்குது. எங்கப் பாத்தாலும் குடை, மெழுகுவத்தி, பிள்ளைங்க. பூசை ஆரம்பிச்சுது. ஃபாதர் அப்பத்தத் தூக்கிக் காட்டுற எழுந்தேற்றத்துக்கு எல்லாரும் முட்டி போட்டப்ப நானும் போட்டேன். பக்கத்துல ஜெஃப்ரியும் முட்டி போட்டான். அத்தனை ஜனமும் கப்சிப்னு ஆயிடுச்சு. அப்பதான் எனக்கு உறைச்சுது. இங்க எப்படித் திட்டுறது? பூசை நடுவுல, அன்னம்மாள் தாயார் முன்னால, எருமன்னு கத்தவா முடியும்?

இத்தனை நாளா இத யோசிக்கவே இல்ல. தாயே, நீயும் பிள்ள பெத்தவதானே, ஏதாவது பண்ணுன்னு கண்ண மூடிட்டேன்.

ஃபாதர் ஜெபத்த முடிச்சார். ஜனம் பூரா ஆமென்னு பாட எடுத்துச்சு. மூணு தடவ இழுத்துப் பாடுவோம், பாடிட்டு எல்லாரும் எந்திரிக்கணும். முதல் ஆமென்ல ஒரு கால முன்னுக்கு வெச்சு எம்பினேன். பழக்கதோசம், மூச்சப் பிடிச்சுட்டேன். பாதியில இருட்டிக்கிட்டு வந்துச்சு, முட்டி திரும்ப புல்லுல பட்டுச்சு. ஜெஃப்ரி கை நீட்டிட்டான்.

"வேணாம்மா, பிடிச்சுக்குங்க."

"கைய எடு"ன்னேன். ரெண்டாவது ஆமென் ஆரம்பிச்சுது. அப்பதான் புரிஞ்சுது. திட்டாட்டி என்ன, பாட்டும் மூச்சுதானே. வாயத் திறந்தேன். சுத்தி இருக்கிறவங்க திரும்பிப் பாக்கிற அளவுக்கு இழுத்தேன். அந்த மூச்சு போகப் போக உடம்பு பின்னாலயே வருது. மூணாவது ஆமென் முடியும்போது என் ரெண்டு காலும் நேரா இருந்துச்சு. முட்டியில புல்லு ஒட்டியிருக்கு. கை ரெண்டும் சும்மா தொங்குது.

எனக்கு எதிர்க்க புல்லுல நட்டு வெச்சிருந்த குடையெல்லாம் இப்ப என் தோளுக்குக் கீழ. ஜெஃப்ரி முகத்தப் பாக்கலாம்னு பக்கத்துல திரும்பினேன். ஆளக் காணோம்.

கீழ பாத்தேன். ஊரே நிக்குது, அவன் மட்டும் முட்டியில கிடக்கான். நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து தேஞ்ச காலு, மரத்துப் போச்சு போல. ஒரு கால முன்னுக்கு வெச்சு எம்புறான், முகம் செக்கச் செவேல்னு ஆயிடுச்சு, பாதியில பொத்துன்னு உக்கார்றான். நல்லாப் பாத்தேன். பல்லக் கடிச்சு மூச்ச அடக்கி வெச்சிருக்கான். மைக்ராஸ்கோப் முன்னால என் வயித்துல இருந்தவன்தானே.

கோவமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. குனிஞ்சு கை குடுத்தேன்.

"மூச்ச விடுடா"ன்னேன்.

விட்டான். எந்திரிச்சான். எந்திரிச்சவன் என் கைய உடனே விடல. பரலோக மந்திரம் ஜெபம் பூரா பிடிச்சுட்டே நின்னான்.

பூசை முடிஞ்சு காடியில ஏறினோம். ஜெஃப்ரி ஏசியத் திருப்பி விட்டுட்டு ஓட்ட ஆரம்பிச்சான். முதல் தடவ முட்டி புல்லுல பட்டதுதான் கணக்கு, அப்புறம் எந்திரிச்சது கணக்கு இல்லைன்னு சொல்லிடுவானோ? இவன் முடிவு எடுத்துட்டுத்தானே யோசனை கேப்பான். பேக் வேற பூட்ல கிடக்கு. புக்கிட் தெங்கா தாண்டியாச்சு. ஹைவேயில ஏறுற இடத்துல ரோடு ரெண்டா பிரியும். ஒண்ணு தெற்க, பத்து காவானுக்கு. இன்னொண்ணு எங்க ப்ளாட்டுக்குப் போற பினாங்கு பாலத்துக்கு. போர்டு கிட்ட வருது. ஜெஃப்ரி வேகத்தக் குறைச்சான். சிக்னல் டிக்கு டிக்குன்னு அடிக்குது, எந்தப் பக்கம்னு பாக்க எனக்கு தைரியம் வரல. மடியில இருந்த ஜெபமாலைய இறுக்கிப் பிடிச்சுட்டேன்.

"ம்மா"ன்னான். ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னான். "மூச்ச விடுங்க. பாலத்துக்குத்தான் போறோம்."

விட்டேன்.