சாவி மாட்டும் ஆணி

எங்கள் சரக்கு லாரி டெர்மினலில் முன்பெல்லாம் ஒவ்வொரு டாக்கின் சுவரிலும் ஓர் ஆணி இருந்தது. டாக் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, லாரி பின்பக்கமாக வந்து ஒட்டி நிற்கிற மேடைதான். லாரி நின்றதும் டிரைவர் சாவியைக் கொண்டுவந்து அந்த ஆணியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். சரக்கெல்லாம் இறக்கி முடித்துக் கடைசியாக வெளியே வருகிற ஆள் சாவியை எடுத்துப்போய் அவர் கையில் கொடுப்பான். ஆணியில் சாவி தொங்கினால் வண்டிக்குள் மனிதன் இருக்கிறான் என்று அர்த்தம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. பொம்மசந்திராவில் இந்த டெர்மினல் திறந்த நாளிலிருந்து அப்படித்தான் நடந்து வந்தது.

அந்த ஆணிகளைப் பிடுங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான். பெயர் ஓஸ்வால்ட், ஊர் ஆஸ்டின் டவுன், வயது ஐம்பத்திரண்டு. பகல் ஷிஃப்டுக்கு நான்தான் பொறுப்பு.

வேலையை வேகப்படுத்த ஸ்ரீஹர்ஷா என்று ஓர் இன்ஜினியரை ஹெட் ஆபீஸிலிருந்து அனுப்பினார்கள். அவரைக் கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எறும்பை மிதிக்காமல் நடக்கிற ஆள். கையில் ஸ்டாப்வாட்சோடு இருபது நாள் எங்கள் பின்னாலேயே திரிந்தார். ஒரு லாரி உள்ளே வந்து வெளியே போக எழுபது நிமிடம் ஆகிறது, அதை நாற்பத்தைந்து ஆக்கலாம் என்றார். சாவியை மாட்டி, எடுத்து, டிரைவரைத் தேடிப் பிடிக்க மட்டும் ஒன்பது நிமிடம் போகிறதாம்.

"சாவி டிரைவர்கிட்டயே இருக்கட்டும் ஓஸ்வால்ட். இறக்கி முடிச்சதும் டேப்லெட்ல ஒரு பட்டன். 'போகலாம்'னு அவர் ஃபோனுக்கு மெசேஜ் போயிடும்" என்றார்.

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. மேலே ஒரு பெரிய பலகையும் வைத்தார்கள். நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் ஸ்ரீஹர்ஷா ஃபோனில், "ஆயித்தா ஓஸ்வால்ட்? ஆயித்தா?" என்று கன்னடத்தில் கேட்பார். முடிந்ததா என்றுதான் அர்த்தம். அதட்ட மாட்டார். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்டால் அதட்டலே தேவலை என்று ஆகிவிடும்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மெசேஜ் போனாலும் டிரைவர் டீக்கடையிலிருந்து எழுந்து வந்து வண்டியை எடுக்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். அதனால் உள்ளே கடைசி இரண்டு பேலட், அதாவது சரக்கு அடுக்கிய மரத்தட்டு, இருக்கும்போதே பட்டனை அமுக்கிவிட்டால் பலகையில் பச்சை விழும், சரக்கும் இறங்கிவிடும். பன்னிரண்டு டாக்குக்கும் போய் நானே சொல்லிக்கொடுத்தேன். மூன்றே வாரத்தில் டெர்மினல் முழுக்கப் பச்சை. ஸ்ரீஹர்ஷா மைசூர்பாக் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் இரண்டு துண்டு தின்றேன்.

ஏழாம் டாக்கில் மட்டும் சிவப்பு போகவில்லை. அது கோதண்டராமனின் டாக். அரூர்ப் பக்கத்து ஆள், ஒல்லி, பேச்சு கம்மி. சரக்கு இறக்குவதோடு டாக் டேப்லெட்டும் அவன் பொறுப்பில் இருந்தது.

"யோவ் கோதண்டம், உனக்கு மட்டும் என்னய்யா கேடு? ரெண்டு பேலட்டுக்கு முன்னாடி அமுக்குன்னா அமுக்க வேண்டியதுதானே?"

"எல்லாரும் வெளிய வரட்டும் சார், அமுக்கிடறேன்."

"உன்னால எம் மானம் போவுது."

"பதறாத காரியம் சிதறாது சார்" என்பான், சிரிக்காமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் கேஸை அணைத்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் பார்க்கிற ஜாதி அவன் என்று எல்லார் முன்னாலும் கேலி செய்வேன். அப்போதும் சிரிக்க மாட்டான்.

ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை, விடாத மழை. மத்தியானம் ஏழாம் டாக் வழியாக நடந்து போனேன். டேப்லெட்டில் நாற்பத்து நான்கு நிமிடம் காட்டியது. கோதண்டராமன் லாரிக்குள் இருந்தான். கை ட்ராலியின் சக்கரச் சத்தம் கேட்டது. கடைசி பேலட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். டேப்லெட் மாட்டியிருந்த தூணுக்கும் லாரியின் வாய்க்கும் நடுவே ஐந்தடி தூரம். எட்டிப் பார்க்கவில்லை. விரலை நீட்டி நானே அமுக்கிவிட்டுப் போனேன்.

மழை பெய்யும்போது எந்த டிரைவர் டீக்கடைக்குப் போவான்? அவன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். மெசேஜ் வந்தது, வண்டியை எடுத்தான். மேடைக்கும் லாரிக்கும் இடையில் போட்டிருந்த இரும்புத் தகட்டின் மேல் கோதண்டராமன் அப்போது ட்ராலியை இழுத்துக்கொண்டிருந்தான். தகடு விழுந்தது. அவன் விழுந்தான். பேலட் அவன் மேல் விழுந்தது. நான் திரும்பி ஓடி வரும்போது மழைத் தண்ணீர் சிவந்திருந்தது.

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். டேப்லெட்டில் யார் அமுக்கினாலும் டாக் நம்பர்தான் பதிவாகும், ஆளின் பெயர் பதிவாகாது. "ஏழாம் டாக் டேப்லெட் யார் பொறுப்பில் இருந்தது?" என்று கேட்டார்கள். "கோதண்டராமன்" என்றேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். அந்த ஒரு சொல்லில் நான் தப்பித்தேன். பணியாளர் அவசரப்பட்டு, வண்டிக்குள் வேலை முடிவதற்கு முன்பே பட்டனை அமுக்கியதால் விபத்து என்று ரிப்போர்ட் எழுதினார்கள். அவசரப்பட்டானாம், கோதண்டராமன்! ரிப்போர்ட்டில் சாட்சியாக என் கையெழுத்து இருக்கிறது. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய மூன்று ஞாயிறு கோவிலில் வரிசையில் நின்றேன். மூன்று முறையும் என் முறை வருவதற்குள் நழுவி வெளியே வந்துவிட்டேன்.

ஒரு மாதம் எல்லாரும் பயந்து ஒழுங்காக இருந்தார்கள். பிறகு பலகையில் சிவப்பு பெருகியது, ஃபோன் அடித்தது, பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் இரண்டு பேலட்டுக்கு முன்னாலேயே அமுக்க ஆரம்பித்தார்கள். நானும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நவம்பரில் கோதண்டராமனின் மனைவி ராதாவுக்குக் கம்பெனி வேலை கொடுத்தது. கருணை வேலை. பாரமில்லாத வேலையாக இருக்கட்டும் என்று ஸ்ரீஹர்ஷாதான் அவளை டேப்லெட்டில் போட்டார். காலியாக இருந்த டேப்லெட் ஏழாம் டாக்கில்தான் இருந்தது. கற்றுக்கொடுக்க என்னை அனுப்பினார்.

நீலச் சட்டைக்குள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அவள் அந்தத் தூணருகே நின்றாள். சுவரில் ஆணி இருந்த ஓட்டை அப்படியே இருந்தது. உள்ளே ஹரிஷ்குமார் என்கிற லோடர் பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தான்.

"இத எப்ப சார் அமுக்கணும்?"

"எல்லாரும் வெளிய வந்தப்புறம்."

"அவருக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தீங்களா?"

"அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லம்மா. எப்பவும் அப்படித்தான் செய்வாரு."

"அப்ப அன்னிக்கு மட்டும் ஏன் சார் அவசரப்பட்டாரு?"

நான் திரையைப் பார்த்தேன். டேப்லெட்டில் நாற்பத்து மூன்று. ஃபோன் அடித்தது. எடுத்ததும் ஸ்ரீஹர்ஷாவின் குரல் வெளியே கேட்டது. "ஏழு ஆயித்தா ஓஸ்வால்ட்?" பக்கத்து டாக்கிலிருந்து யாரோ, "ரெண்டுதானே இருக்கு, அமுக்குக்கா!" என்று கத்தினார்கள். புது வேலை, பாவம், பயந்துவிட்டாள். அவள் விரல் பட்டனை நோக்கிப் போனது.

அவள் கையைத் தட்டிவிட்டேன். ஃபோனை அணைத்தேன்.

"அமுக்காதம்மா. அன்னிக்கு அமுக்கினது அவரில்ல. நான்தான். அவர் உள்ள இருந்தாரு. எட்டிக்கூடப் பாக்காம அமுக்கிட்டேன். விசாரணைல அவர் பேரச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன்."

 அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் லாரிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹரிஷ்குமார் ஒரு பேலட்டை இழுத்து வந்து வைத்தான். திரும்பப் போனான். இன்னொன்றை இழுத்து வந்தான்.

"உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று அவனைக் கேட்டாள்.

"இல்லக்கா."

அவளே போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து அமுக்கினாள். ஐம்பத்தோரு நிமிடம். பலகையில் ஏழாம் நம்பர் சிவந்தது.

பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"நாலு மாசமா அவர் ஃபோட்டோ முன்னாடி நின்னு தெனம் திட்டறேன் சார். பொண்ண நெனச்சுப் பாத்தியா, அப்படி என்ன அவசரம் உனக்குன்னு. சோறு வெச்சுட்டுத் திட்டுவேன். எம் பொண்ணும் என்னைப் பாத்து அவரைத் திட்ட ஆரம்பிச்சுட்டா."

 மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவே கூசியது.

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்க" என்றாள். "அவர் முன்னாடி நின்னு சொல்லுங்க, எம் பொண்ணு கேக்கணும். அப்புறம் நேரா போலீஸ் ஸ்டேஷன்."

"வரேம்மா."

"இங்க சாவி மாட்டற ஆணி இருந்துச்சுன்னு அவர் சொல்வாரு. இப்ப அத மறுபடி அடிங்க."

ஸ்டோரில் சுத்தியல் இருந்தது. எடுக்க எதிர்ச்சுவர் வரை போய்விட்டேன். அப்போது பலகையில் எட்டாம் நம்பர் பச்சையானது. எட்டாம் டாக் லாரிக்குள் இரண்டு பேர் இன்னும் குனிந்து நின்று பேலட்டை ட்ராலியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. வெளியே வாங்கடா என்று கத்திக்கொண்டே நான் ஓடினேன். ஐம்பதடி இருக்கும், மூச்சு வாங்க ஓடினேன். அன்றைக்கு நான் நடந்திருக்க வேண்டியது ஐந்தே அடிதான்.