இங்கிலீசுக் கப்பலுக்கு ஒல்லாந்துக் கொடி

சிங்காரத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இருபது வருஷம் கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சாமான் ஏற்றும் மசூலாப் படகில் நின்று துடுப்புப் போட்ட இடுப்பு. அலை தூக்கி அடித்தபோதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. கோட்டைக் கொட்டகையில் பதினோரு நாள் சப்பணம் போட்டு உட்கார்ந்ததில் பிடித்துவிட்டது. எழுந்திருப்பதற்குக் கையூன்றி, முட்டி போட்டு, அப்புறம் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. காலையில் வயிற்றுக்குள் போனது நண்டு வேகவைத்த தண்ணீர். அதுவும் இந்நேரம் இறங்கிவிட்டது.

அவன் முன்னால் தரையில் இரண்டரை முழத்துக்கு ஒரு கப்பல் கிடந்தது. சென்னப்பட்டினத்துக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கிறதே, அந்த இங்கிலீசுக்காரன் கப்பல். நிஜக் கப்பல் அறுபது முழம். முழத்துக்கு ஒரு விரல் என்று வைத்துக் குறைத்திருந்தான். பின்பக்கத்துக் கண்ணாடி ஜன்னல் ஏழு, பக்கத்துக்குப் பன்னிரண்டு பீரங்கி வாய், மூக்கில் சிங்கத் தலை, எல்லாம் விரல் கணக்கில் இறங்கியிருந்தன. இரண்டு பருவம் அந்தக் கப்பலுக்குத் துணி மூட்டை ஏற்றியவன். அதன் உடம்பில் எங்கே தார் உரிந்திருக்கிறது என்பதுகூட அவனுக்குத் தெரியும்.

இது பழவேற்காட்டுக் கோட்டையை ஆளும் ஒல்லாந்துக் கப்பித்தானுக்கு. கப்பல் அச்சு அசலாக இருக்க வேண்டும், கொடி மட்டும் ஒல்லாந்துக் கொடியாக இருக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. அந்தக் கப்பலை ஒல்லாந்துக்காரர்கள் பிடிக்கவில்லை. பிடிக்கப் போவதாகவும் பேச்சில்லை. பிடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். வெளியே ஜனம் புளியங்கொட்டையை வறுத்துத் தின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒருவனுக்கு இப்படி ஆசை.

கூலி பணமில்லை. கூலி சிங்காரத்தின் தம்பி சுப்பன்.

இரண்டு வருஷமாக மழை கிடையாது. ஏரி வற்றி, மிச்சத் தண்ணீர் உப்பேறி, மீன் செத்து மிதந்தது. ஆடி பிறந்தும் ஆத்தா கோயிலில் கூழ் ஊற்றத் தானியம் இல்லை. முதல் வெள்ளிக்கிழமை கோட்டை வாசலில் துபாஷி கேசவன் அண்டா வைத்தான். வெள்ளைக்காரன் பேச்சைத் தமிழில் சொல்வதும், தமிழனை வெள்ளைக்காரனுக்குப் பிடித்துக் கொடுப்பதும் அவன் பிழைப்பு. அண்டாவின் கழுத்தில் வேப்பிலை கட்டியிருந்தான். கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம். ஜனம் கும்பிட்டுக்கொண்டு ஓடியது.

பக்கத்தில் ஒரு கணக்கப்பிள்ளை ஓலையோடு உட்கார்ந்து பெயர் கேட்டான். கோட்டைக்குப்பத்தில் ஆடிக் கூழ் வாங்குகிறவன் தன் பெயரைச் சொல்ல வேண்டும், பூசாரி அதை ஆத்தாவிடம் சொல்வான். அதுதான் வழக்கம். அதனால் எல்லோரும் உரக்கச் சொன்னார்கள். சுப்பன் தன் பெயர், நைனா பெயர், குப்பத்தின் பெயர் மூன்றையும் சொல்லி, நன்றாக எழுதிக்கொள்ளும்படி வேறு கேட்டிருக்கிறான். மூன்றாவது வெள்ளிக்கிழமை முடிந்ததும் ஆட்கள் வந்தார்கள். கடல் கடந்து போய் உழைக்கச் சம்மதம் என்று நீயே பெயர் கொடுத்திருக்கிறாய், நட என்றார்கள். சிங்காரத்தின் பெண்டாட்டி முனியம்மா அந்த வெள்ளிக்கிழமைகளில் காய்ச்சலில் கிடந்தாள். அதனால்தான் பிடிபடாமல் வெளியே இருந்தாள்.

சென்னப்பட்டினத்திலிருந்து திரும்பிய சிங்காரம் கோட்டை வாசலில் நின்று கத்தினான். ஆடிக் கூழுக்கு ஆளை எழுதி வாங்குகிற சாதி எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டான். காவல்காரன் துப்பாக்கிக் கட்டையால் தோளில் இடித்தான். அப்போதுதான் கேசவன் வெளியே வந்து, இங்கிலீசுக் கப்பலுக்குப் படகு ஓட்டினவன் நீதானே என்று விசாரித்தான். உள்ளே போய்வந்தான். கப்பித்தானின் ஆசையைச் சொன்னான்.

"முடிச்சிக் குடு. உன் தம்பிய அனுப்பிடறோம்."

சிங்காரம் தலையாட்டினான். தலையாட்டாமல் வேறு என்ன செய்வான்?

கொட்டகைக்குப் போகிற வழியில்தான் பிடித்தவர்களை அடைத்த கிடங்கு. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கம்பி ஜன்னல். உள்ளே நூறு பேருக்கு மேல். தினமும் சுப்பன் யார் தோளிலோ ஏறி அங்கே முகத்தைக் காட்டுவான். வேலை எதுவரைக்கும் வந்தது என்று கேட்பான். முழத்துக்கு விரல் கணக்கை அண்ணன் சொன்னபோது கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப அந்தக் கப்பல்ல நான் எம்மாம் ஒசரம் இருப்பேன்?"

"நாலு விரல்."

"நல்லதாப் போச்சு. நாலு விரலுக்குச் சோறு கம்மியாத்தான் வோணும்."

உள்ளே சிலர் சிரித்தார்கள். சிங்காரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வேகமாக நடந்தான்.

கல்யாண முருங்கையை மெல்லிய பலகையாகச் சீவிக்கொண்டான். ஆணி அடித்து அவனுக்குப் பழக்கமில்லை. மசூலாவைத் தைப்பதுபோல ஓரத்தில் துளையிட்டு நூலால் தைத்தான், தையல் வெளியே தெரியாமல் தார் பூசினான். நிஜக் கப்பலில் தண்ணீருக்கு மேலே உள்ளதெல்லாம் அவனுக்குத் தெரியும். கீழே எப்படியிருக்கும் என்று யார் பார்த்தது? மசூலாவின் தட்டை அடியையே அதற்கும் வைத்தான். பார்க்க வந்த கப்பித்தான் கப்பலைத் தூக்கித் திருப்பி, அடியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். இது கரையேறி நடந்து வரும் என்றாராம். கேசவன் அதையும் மொழிபெயர்த்துச் சொல்லிச் சிரித்தான்.

ஒன்பதாம் நாள் ஜன்னலில் சுப்பன் இல்லை. கிடங்கைக் கழுவுகிறார்கள், பாதிப் பேரைப் பின்னறைக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று கேசவன் சொன்னான். பத்தாம் நாளும் இல்லை. பின்னறைக்கு இந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது என்றான். வாடைக் காற்று திரும்புமுன் கப்பல்கள் கிளம்பிவிடும் என்பது சிங்காரத்துக்குத் தெரியும். ராத்தூக்கத்தையும் விட்டுச் சீவினான்.

கொடித்துணிக்கு முனியம்மா சாயக்காரர் தெருவில் நின்று கெஞ்சி இரண்டு கிழிசல் வாங்கி வந்தாள். சாயவேர்ச் சிவப்பு ஒன்று, அவுரி நீலம் ஒன்று. நடுவில் வைக்க வெள்ளை அவள் முந்தானையிலேயே இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு மூன்றையும் சேர்த்துத் தைத்தவள் அதைக் கையில் கொடுக்கும்போது சொன்னாள்:

"இத மட்டும் மடியிலயே வச்சிக்க. சுப்பு வெளிய வரட்டும், அப்பறம் கட்டு. அந்த வெள்ளக்காரனுக்கு வோணுன்றது கப்பல் இல்லய்யா, கொடிதான்."

பதினோராம் நாள் மத்தியானம் சிங்காரம் கப்பலைத் தலையில் வைத்துக்கொண்டு கப்பித்தான் வீட்டுக் கூடத்துக்குப் போனான். பாய்மரத்தில் வெள்ளைத்துணியில் சிவப்புச் சிலுவை. சென்னப்பட்டினத்தில் பறக்கிற அதே கொடி. மேசையில் வெள்ளித்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு விருந்து. கப்பித்தான் கப்பலைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. கொடியைப் பார்த்தார், முகம் செத்தது.

"இன்னாடா இது? எவன் கொடிய எவன் ஊட்ல கொணாந்து வக்கிற?" என்றான் கேசவன்.

"உங்க கொடி மடியில கீது. தம்பி வரட்டும், கட்டறேன்."

கேசவன் வெள்ளைக்காரனிடம் எதையோ சொன்னான். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு இரண்டு வார்த்தை பேசினார். கேசவன் சிங்காரத்தைப் பார்க்காமல், தட்டுகளைப் பார்த்தபடி சொன்னான்.

"அனுப்பிடறோம்னுதானே சொன்னேன். அனுப்பியாச்சு."

"எங்க?"

"கடலுக்கு அக்கரைல கீற பத்தேவியாவுக்கு. மொதக் கப்பல் போயி மூணு நாளாச்சு."

சிங்காரம் கரையிலிருந்து கப்பலுக்குக் கொண்டுபோய் விட்டது யார் என்று கேட்டான். அதை ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது.

"உங்க குப்பத்துப் படகுதான். ஆளுக்கு ஒரு படி அரிசி."

மூன்று நாளாகக் குப்பத்தில் யாருமே அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கப்பலின் பாய்மரத்தைப் பிடித்தான். ஒரு முறுக்கு முறுக்கினால் போதும், முருங்கைதானே. கப்பித்தான் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி மளமளவென்று பேசினார். கோபமாகக்கூட இல்லை. சந்தையில் அழுகின மீனுக்கு மாற்று மீன் கொடுப்பவன் குரல்.

"தலைக்குத் தலன்றாரு. உள்ள இன்னும் நாப்பது பேர் கீறாங்க. உனக்குப் புடிச்ச ஒருத்தன இட்டுகினு போ. கொடியக் கட்டு."

"நான் கேட்டது என் தம்பிய."

"உன் தம்பி கடல்ல கீறான். நாளைக்கு ரெண்டாவது கப்பல், இவங்களும் போயிடுவாங்க. வோணான்னா போ. இவருக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

சிங்காரத்தின் கை பாய்மரத்திலேயே இருந்தது. முறித்தால் சவுக்கடி. அதற்கு அவன் பயப்படவில்லை. ஆனால் முறித்தால் நாற்பதும் போகும். கொடியைக் கட்டினால் முப்பத்தொன்பது போகும். தம்பியைத் திருடினவன், அந்தத் திருட்டிலேயே ஒரு பங்கைக் கையில் திணிக்கிறான். வாங்கினாலும் வயிறு எரிகிறது, வாங்காவிட்டாலும் எரிகிறது. மடியிலிருந்து துணியை எடுத்தான். சிலுவைக் கொடியை அறுத்துப் போட்டுவிட்டு மூன்று நிறத்தைக் கட்டினான். கப்பித்தான் கை தட்டினார்.

கிடங்குக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. விஷயம் எப்படியோ உள்ளே தெரிந்திருந்தது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவனால் யாரையும் பார்க்க முடியவில்லை. தேர்ந்தெடுக்க அவன் யார்? கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, அகப்பட்ட ஒரு மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தான். கதவு சாத்தப்பட்ட பிறகுதான் உள்ளே சத்தம் கிளம்பியது.

வெளியே வந்தவன் பெயர் கோதண்டம். ஆரம்பாக்கம் பக்கத்தில் நெல் பயிரிட்டவன். எலும்பும் தோலுமாக இருந்தான். சிங்காரத்தின் காலில் விழுந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டான். சிங்காரம் காலை உதறினான். இவன்மேல் என்ன தப்பு? ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க, சுப்பனுடைய இடத்தில் உட்கார்ந்துவிட்டவன் என்று ஆத்திரம் பொங்கியது. பின்னால் வராதே, முன்னால் நட என்று அதட்டினான். அவனால் முன்னால் நடக்க முடியவில்லை. கடைசியில் சிங்காரமே தோள் கொடுத்தான், திட்டிக்கொண்டே.

முனியம்மா வாசலில் நின்றிருந்தாள். இரண்டு பேர் வருவதைத் தூரத்திலேயே பார்த்து ஓடிவந்தவள் பத்தடியில் நின்றுவிட்டாள்.

"இவன் யாருயா?"

"சுப்பனுக்குப் பதிலா குடுத்தானுங்க."

"வாங்கினு வந்தியா?"

அவள் அவன் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள், கை ஓயும்வரை. அடித்து முடித்து உள்ளே போய், பானையில் மிச்சமிருந்த நண்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து கோதண்டத்தின் முன்னால் வைத்தாள். குடி என்று சொல்லவில்லை. அவன் குடித்துவிட்டு அழுதான். இரண்டு நாள் கிடந்து தெம்பு வந்ததும் மேற்கே தன் ஊருக்கு நடந்தான்.

நான்காம் நாள் கேசவன் குப்பத்துக்கே வந்தான். சிங்காரம் கரையில் படகுத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தான். விருந்துக்கு வந்தவர்கள் கப்பலைப் பார்த்து அசந்துவிட்டார்களாம். நிஜமாகவே பிடித்துவிட்டீர்களா என்று ஒருவர் கேட்டாராம். கப்பித்தானுக்கு ருசி ஏறிவிட்டது. தரங்கம்பாடியில் நிற்கிற டேன்மார்க்குக்காரன் கப்பலையும் இதேபோல ஒல்லாந்துக் கொடியோடு பார்க்க வேண்டும். இந்தத் தடவை கூலி அரிசி, அரை மூட்டை. கேசவன் சொல்லிக்கொண்டே போனான். சிங்காரம் கயிற்றைப் பல்லால் இழுத்து அறுத்தான்.

"மொதக் கப்பலுக்கே கூலி வர்ல."

"ஆளு குடுத்தமேடா. அது அன்னைக்கே தீந்து போச்சு."

சிங்காரம் எழுந்தான். இடுப்பு இன்னும் நேராகவில்லை. வளைந்தபடியே அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றான். துபாஷியார் என்று இதுவரை கூப்பிட்டவன் அன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை.

"தீரல கேசவா. வந்தவன் கோதண்டம். நீயும் உன் கப்பித்தானும் எனக்கு சுப்பன் பாக்கி."