முன்னால் போன சட்டை

வாசல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. இஸ்திரி மேஜையில் கிடந்த இளநீலச் சட்டை, ஆளை விட்டுவிட்டு, நேர்முகத் தேர்வுக்குத் தனியாகக் கிளம்பிவிட்டது. தம்பி அப்போதுதான் குளித்துவிட்டு, பேண்ட்டும் பனியனுமாகத் தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

தப்பு அக்கா மேல்தான். தேர்வு நாள் காலையில் அவள் சட்டையைத் தேய்த்துக்கொண்டே கேள்வி கேட்பாள், தம்பி குளியலறைக்குள்ளிருந்து பதில் சொல்வான். ஐந்து வருஷமாக இதுதான் வழக்கம். வீட்டில் அவன் வாயாடி. எதிரில் நாலு பேர் உட்கார்ந்தால் மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் பெயர் கேட்டார்கள், தண்ணீர் வேண்டுமென்றான். இன்னோரிடத்தில் நன்றி சொல்லி எழுந்து, வாசலென்று நினைத்து அலமாரிக்குள் போனான். இன்றைக்குக் குழாய்ச் சத்தத்தில் அவன் குரலே கேட்காததால் அக்கா பதிலையும் தானே சொல்லி, ஒவ்வொன்றையும் அழுத்தித் தேய்த்துவிட்டாள். காலர் முதல் கை மடிப்புவரை அத்தனை பதிலும் துணியில் இறங்கிவிட்டது. அவ்வளவு தயாரான சட்டை வீட்டில் கிடக்குமா?

“நின்னு என்னடா பாக்கற? இதையும் விட்டா மாமா உன்னைக் கடையில உக்கார வெச்சிடுவார். ஆயுசுக்கும் அவர் பேச்சை நீதான் கேக்கணும். ஓடு,” என்றாள் அக்கா.

ஓடினான். சட்டை பேருந்தில் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கசங்கிவிடப் போகிறதென்று பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்தும் கொடுத்தார். பேருந்து போயேபோய்விட்டது. கடைத்தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். முதல் திருப்பத்தில் இரண்டு கையாலும் மார்பை மறைத்தான், அடுத்ததில் ஒரு கையால், அதற்கடுத்ததில் கையசைத்தான். அதற்குள் கூச்சமெல்லாம் வியர்வையோடு வழிந்து சாலையில் கொட்டிவிட்டது. பின்னால் வந்த சைக்கிள்காரர் அதில் வழுக்கி, எழுந்து, துடைத்துக்கொண்டு போனார்.

லிஃப்ட் கம்பெனியில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை அது. சட்டை மேலாளர் எதிரில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் காலரை ஆட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது. பேச வரவில்லை என்பது ஒன்றுதான் குறை. (பிற்பாடு அதே கம்பெனி வரவேற்பறையில் அது வெகுகாலம் வேலை பார்த்தது. லீவே எடுத்ததில்லை.) அப்போதுதான் பனியனோடு தம்பி மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

மேலாளர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “லிஃப்ட்ல மாட்டினவர் ஃபோன்ல கத்தறார். என்ன சொல்வீங்க?”

“எனக்கும்… மூச்சு வாங்குது சார்… ரெண்டு பேருமா… மெதுவா விடுவோம்னு சொல்வேன்.”

மேலாளர் தன்னையறியாமல் ஒரு நீண்ட மூச்சு விட்டார். சட்டையும் கொஞ்சம் தளர்ந்தது. திங்கள்கிழமை வந்துவிடச் சொல்லிக் கை குலுக்கியவர், பனியனில் சொட்டும் வியர்வையைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்களுக்காவது சட்டை, தம்பி. என் இன்டர்வியூ அன்னிக்கு எனக்கு முந்தி வந்து உக்காந்தது பேண்ட்.”