மாப்பிள்ளையின் கார்

மகளைக் கூட்டிப்போக வியாழக்கிழமை மதியம் மாப்பிள்ளை வந்தான். அவனுடைய பதினெட்டு வருஷத்துக் கார் தெருமுனையில் திரும்பும்போதே மெக்கானிக்கான மாமனாருக்குக் கேட்டுவிட்டது. முன்பக்க இடது சக்கரத்திலிருந்து மாவு மில் ஓடுவதுபோல ஒரு முனகல். வாசலில் பிரேக் போட்டதும் இரும்போடு இரும்பு உரசிக் கீச்சிட்டது.

"கொஞ்சம் என்னன்னு பாத்துடுங்க மாமா. சாயந்தரம் கிளம்பணும்."

மகள் பிறந்த வீட்டுக்கு வந்து இருபது நாள் ஆகிறது. உடம்பு சரியில்லை, ஓய்வு வேண்டும் என்று சொல்லித்தான் வந்தாள். அவள் மணிக்கட்டில் ஒரு தடம் கன்றிப்போய் இருந்தது. இப்போது மஞ்சளாக மங்கிவிட்டது. மனைவி உயிரோடு இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள். அவருக்கு எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகடவென்றது. கழற்றிப் பார்த்தார். பிரேக் பேடில் தேய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. டிஸ்க்கில் வரிவரியாகப் பள்ளம். சக்கரத்தின் நடுவே இருந்த ஹப்பைப் பிரித்தார். கிரீஸ் கருகித் தாராகியிருந்தது. பேரிங் உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்து பொரிந்திருந்தன.

"இது இவ்வளவு தூரம் வந்ததே பெருசு மாப்ள. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா சக்கரம் முன்னாடி வந்திருக்கும், நீங்க பின்னாடி நடந்து வந்திருப்பீங்க."

அவன் சிரிக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான்.

மகள் டீ கொண்டுவந்து பக்கத்தில் குந்தினாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்ப்பா?"

"சாமான் இருந்தா மூணு மணி நேரம்."

"இருக்கா?"

பட்டறை அலமாரியில் இருந்தது. டிஸ்க், பேட், பேரிங், இரண்டு பக்கத்துக்கும். அவர் மகளின் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "சனிக்கிழமைதான் வரும்."

மகள் பெருமூச்சு விட்டாள். மாப்பிள்ளையிடமும் அதையே சொன்னார். அவன் முணுமுணுத்துவிட்டுக் கூடத்தில் கால் நீட்டிப் படுத்தான்.

மறுநாள் காலை அவன் சவரம் செய்துகொள்ள வெளியே போன நேரத்தில், கழற்றிய சக்கரத்தருகே நின்று மகளிடம் சொல்லிவிட்டார்: "நீ போக வேணாம்மா. அவர் மட்டும் போகட்டும்."

"பாப்பா அங்கதான இருக்கா."

"பரீட்சைன்னுதான விட்டுட்டு வந்த?"

"நான் விடலப்பா. அவங்க அனுப்பல." அவள் குரல் உடைந்தது. "நேத்து நீங்க ரெண்டு நாள்னு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ராத்திரி நினைச்சுப் பாத்தேன். ஏழு வயசுப்பா அவளுக்கு. சீக்கிரம் முடிச்சுடுங்க."

அவர் பட்டறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார்.

அன்றைக்குச் செய்ததுபோல் அவர் எந்த வண்டிக்கும் செய்ததில்லை. ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். புது உருளைகளுக்கு நடுவே விரலால் கிரீஸை அழுத்தி அழுத்தி ஏற்றினார். டிஸ்க்கைச் சுழற்றிக்கொண்டே நட்டை முடுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்தி, நட்டு கழன்றுவிடாமல் காட்டர் பின்னைக் குத்தி முனைகளை மடக்கினார். வலது பக்கமும் அப்படியே. புது பேடு போட்டு, பிரேக் ஆயில் மாற்றி, குழாயில் இருந்த காற்று வெளியேறும்வரை மகளைப் பெடலை மிதிக்கச் சொன்னார்.

"மிதி... பிடிச்சுக்கோ... விடு."

சொன்னதையெல்லாம் அவள் செய்தாள்.

மதியம் வண்டி தயார்.

"சாமான் இன்னிக்கே வந்துடுச்சு மாப்ள. புது பேரிங். நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஒருதரம் பாக்கணும். நானும் கூட வரேன்."

"எங்க ஊர்ல மெக்கானிக்கே இல்லையா மாமா?" அவன் பின்கதவை அடித்துச் சாத்தினான். மகள் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சாயந்தரம் போன் வந்தது. "வந்து சேந்துட்டோம்ப்பா. பாப்பா நல்லா இருக்கா." பின்னால் யாரோ அதட்டினார்கள். போன் கட்டானது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எத்தனை முறை அடித்தும் அணைத்தே கிடந்தது.

திங்கட்கிழமை காலை பட்டறையைத் திறக்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் போய், போக ஒரு டிக்கெட்டும் திரும்பி வர மூன்றும் கேட்டார்.

"வர்ற டிக்கெட்டை அங்கதான் எடுக்கணும் பெரியவரே."

ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.