மகாராணியின் மேல் இழுப்பறை

மேல் இழுப்பறை மறுபடியும் திறந்து கிடந்தது. முழுக்க அல்ல, நான்கு விரல் நுழையும் அளவுக்கு. உள்ளே என் கண்ணாடிக்கூடும் சில கைக்குட்டைகளும் தெரிந்தன. கூடத்தைக் கடந்து வந்த என் கணவர் அதன் முனையில் இடுப்பை இடித்துக்கொண்டு, "ஐயோ" என்று அங்கேயே குனிந்துவிட்டார்.

"அப்பா! டிராயரை மூடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் மேல் டிராயரைத் தொடவே இல்லடா," என்றார் மாமா. அவர் அப்போதுதான் கீழ் இழுப்பறையிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்க்கொண்டிருந்தார். "என் சாமான் கீழ இருக்கு. மேல எனக்கு என்ன வேலை?"

"அப்ப அதுவா திறந்துக்கிச்சா?"

மாமா துண்டைத் தோளில் போட்டபடி அந்த இழுப்பறையையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான் தொடவில்லை. இவரும் தொடவில்லை. கணக்குப் போட்டால் மாமாதான் மிஞ்சினார்.

அந்த இழுப்பறைப் பெட்டிக்கு மகாராணி என்று பேர் வைத்தது இவர்தான். கோடையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஞாயிறு ஏரிக்குப் போவோம், அடுத்த ஞாயிறு ஊருக்கு வெளியே கூடும் பழைய சாமான் சந்தைக்கு. சந்தைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்புவது எங்கள் இருவருக்கும் வராது. எங்கள் கூடத்தில் இருக்கும் ஓடாத கடிகாரம், மூக்கு உடைந்த பீங்கான் ஜாடி, யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்தின் சட்டமிட்ட புகைப்படம் எல்லாம் அப்படி வந்தவைதான். "நம்ம வீட்டுல நாம மூணு பேரு, சுவத்துல எட்டுப் பேரு" என்று மாமா கிண்டல் செய்வார்.

இந்தக் கோடையின் தொடக்கத்தில் கிடைத்தது மகாராணி. கறுப்பேறிய தேக்கு, முன்பக்கம் லேசாக வயிறு தள்ளிய வளைவு, பித்தளைப் பிடிகள், ஆழமான இரண்டு இழுப்பறைகள். பெட்டியைத் தூக்கி வந்த ஆட்கள் இறக்கி வைத்த பிறகு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், அவ்வளவு கனம். ஆனால் உடம்பு முழுக்க நோய். பின்பலகையில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. இழுப்பறைகள் முக்கி முனகித்தான் நகரும். ஓரங்களில் இடைவெளி விட்டு லொடலொடவென்று ஆடும்.

நாங்கள் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தோம். பின் ஓட்டையை நான் பிளைவுட் வைத்து அடைத்து, விளிம்பெல்லாம் பசை தடவி, உட்புறம் முழுக்கப் பூப்போட்ட காகிதம் ஒட்டினேன். இவர் இழுப்பறைகள் ஓடும் சட்டங்களை உப்புத்தாளால் தேய்த்து மெழுகு பூசினார். லொடலொடப்பு போக, இழுப்பறைகளின் ஓரத்தில் மெல்லிய வெல்வெட் பட்டை ஒட்டினார். எல்லாம் முடிந்து மேல் இழுப்பறையைத் தள்ளினால் அது கடைசியில் கொஞ்சம் தயங்கி, பெருமூச்சு விடுவது போல மெத்தென்று மூடிக்கொண்டது.

"பாத்தியா? அந்தக் காலத்து வேலைன்னா வேலைதான்," என்றார் இவர். நானும் தலையாட்டினேன். அந்தப் பெருமூச்சை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மேல் இழுப்பறையை நானும் இவரும் வைத்துக்கொண்டோம். உள்ளே அதிகம் எதுவும் இல்லை. கீழ் இழுப்பறை மாமாவுக்கு: துணிமணி, செய்தித்தாள் கட்டுகள், ஓய்வு பெற்ற நாளில் அவருக்குக் கொடுத்த லிஃப்ட்டின் கனமான பித்தளைக் கைப்பிடி. ஒரு பெரிய கட்டடத்தில் வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ஓட்டியவர் மாமா. கம்பிக்கதவு வைத்த பழைய லிஃப்ட்.

"கம்பிக்கதவு சரியா மூடலைன்னா லிஃப்ட் நகராதும்மா," என்று அன்று சாப்பிடும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "மூடறதுதான் என் உத்தியோகமே. நான் போய் ஒண்ணைத் திறந்து போட்டுட்டுப் போவேனா?"

"போக மாட்டீங்க மாமா."

"அப்ப யாரு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை அப்படியே விட்டுவிட்டுத் தூங்க என்னால் முடியாது. மிக்சி, இஸ்திரிப்பெட்டி போன்ற சாமான்களோடு வரும் விளக்கத்தாள்களை எழுதுவது என் வேலை. எந்தப் பொருளும் காரணமில்லாமல் எதையும் செய்யாது என்று நம்பித்தான் பிழைப்பை ஓட்டுகிறேன்.

முதலில் தரை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். ரசமட்டத்தைப் பெட்டியின் மேல் வைத்தால் குமிழி நடுவில் அசையாமல் நின்றது. அடுத்து அதிர்வு. மேல் இழுப்பறையை மூடிவிட்டு, கூடத்தில் குதித்துப் பார்த்தேன்.

"என்ன பண்ற?" என்றார் இவர்.

"குதிக்கிறேன்."

"அது தெரியுது."

இழுப்பறை அசையவில்லை. இவரையும் குதிக்கச் சொன்னேன். ஜாடி ஆடியது, கடிகாரம் ஒரு முறை டிக் என்றது, இழுப்பறை அசையவில்லை. பிறகு கீழ் இழுப்பறையை இழுத்து, மேலே ஒரு கண் வைத்தபடி மெதுவாக, கவனமாக மூடினேன். ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். மகாராணி கல்லாட்டம் நின்றாள்.

சோதனை முடிந்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது. பெட்டியில் குறை இல்லை என்று நிரூபித்திருந்தேன். அப்படியானால் குறை எங்கே என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"குடையை பஸ்ஸுல விட்டாரு," என்றார் இவர் சமையலறையில் குரலைத் தாழ்த்தி. "எதிர்வீட்டுக்காரர் பேரு வாயில வரல. இப்ப இது. டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன். திங்கக்கிழமை வரச் சொன்னாரு. ஞாபகசக்தியைச் சோதிப்பாங்களாம்."

"குடையை நீங்களும்தான் விட்டுட்டு வந்தீங்க."

"நான் டிராயரைத் திறந்து போட்டுட்டு, தொடவே இல்லன்னு சாதிக்கலையே."

அன்று சாயங்காலம் இவர் மாமாவிடமிருந்து வாசல் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். அதட்டவில்லை. "கொஞ்ச நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும்பா" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். மாமா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். தினமும் காலையில் தனியாக நடந்துவிட்டு வருபவர், மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பிறகு கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் எங்களை விட அதிகமாகத் தன்னைச் சந்தேகிக்கத் தொடங்கினார். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பார். குழாயை மூடிவிட்டு, மறுபடியும் முறுக்குவார். மகாராணியின் முன்னால் நின்று மேல் இழுப்பறையை உள்ளங்கையால் அழுத்தி, "மூடியிருக்கா அம்மாடி? நீ பாரு" என்று என்னைக் கூப்பிடுவார். மூடியிருக்கும். கொஞ்ச நேரத்தில் கூடத்துக்கு வந்தால் திறந்திருக்கும். எனக்கே தலை சுற்றியது. ஒரு கட்டத்தில் நானேதான் திறந்து போடுகிறேனோ என்று என் கையை நானே பார்த்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு ஏரி முறை. "நான் வரலை. வீட்டுல இருக்கேன்," என்றார் மாமா.

"தனியாவா?" என்று இவர் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

ஏரிக்கரையில் நல்ல கூட்டம். மரநிழலில் இடம் பிடித்து, ரொட்டிப் பொட்டலங்களை வைத்துவிட்டு, இவர் காற்று மெத்தையைப் பம்பால் ஊதினார். அதுவும் சந்தையில் வாங்கியதுதான், கோடு போட்ட பழைய ரப்பர் மெத்தை. ஊதி முடித்ததும் நான் ஒரு முனையில் மல்லாந்து படுத்தேன். திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

மாமா அப்போதுதான் வந்து மறுமுனையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

நான் எகிறி மணலில் விழுந்தேன்.

"அய்யய்யோ! அடிபட்டுச்சா?" என்று மாமா பதறினார். இவர் ரொட்டியை வாயில் வைத்தபடியே சிரித்தார். பக்கத்து மரத்தடியில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

நான் எழவில்லை. மணலில் கிடந்தபடியே யோசித்தேன். மாமா என்னைத் தொடவில்லை. அவர் உட்கார்ந்தது அந்த முனை, எகிறியது இந்த முனை.

"மாமா, திரும்ப உட்காருங்க."

"என்னது?"

"எழுந்து, திரும்ப தொப்புன்னு உட்காருங்க. நான் படுக்கிறேன்."

"வெயில் தலைக்கு ஏறிடுச்சு," என்றார் இவர்.

மாமா தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். இந்த முறை மெதுவாக. நான் ஆடினேன், விழவில்லை. "அப்படியில்ல மாமா, முதல்ல உட்கார்ந்த மாதிரி!" என்றேன். அவர் தொப்பென்று விழுந்தார். நான் மறுபடி மணலுக்குப் போனேன்.

மெத்தைக்குள் இருக்கும் காற்றுக்கு வெளியே போக வழி இல்லை. ஒரு பக்கம் வேகமாக அழுத்தினால் அது மறுபக்கம் ஓடி, அங்கே இருப்பதைத் தூக்கி எறிகிறது.

"மாமா," என்றேன் முகத்தில் மணலோடு, "கீழ் டிராயரை எப்படி மூடுவீங்க?"

"எப்படின்னா? எல்லாரும் மூடற மாதிரிதான்."

"செஞ்சு காட்டுங்க."

மாமா எழுந்து, கையில் துண்டு இருப்பது போலப் பாவனை செய்து, திரும்பி நின்று, பின்பக்கமாகக் குதிகாலால் ஓர் உதை விட்டார். அப்படியே நடந்துவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. "லிஃப்ட்ல சவாரிங்களைப் பாத்துக்கிட்டே, பின்னால கதவைத் தள்ளித் தள்ளிப் பழகிடுச்சும்மா. கையில எப்பவும் யாராவது பையைக் கொடுத்திருப்பாங்க. காலுதான் மிச்சம்."

மூடுவதே உத்தியோகமாக இருந்தவர், மூடியதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கமே இல்லாதவர். நானோ பொறுமைசாலி, மெதுவாக, கவனமாக மூடிச் சோதித்தவள். சோதனையைத் தவறாகச் செய்தது நான்தான்.

"கிளம்பலாம்," என்றேன்.

"இப்பதானே வந்தோம்! ரொட்டி?"

"காருல சாப்பிடுங்க."

வீட்டுக்கு வந்ததும் மாமாவை மகாராணியின் முன்னால் நிறுத்தினேன். இவரைப் பக்கவாட்டில், இடுப்பு இடிபடாத தூரத்தில் நிறுத்தினேன். மேல் இழுப்பறையை மூன்று பேரும் தொட்டுப் பார்த்தோம். நன்றாக மூடியிருந்தது. கீழ் இழுப்பறையை முழுக்க இழுத்துவிட்டு, "உங்க பாட்டுக்குத் துண்டை எடுத்துட்டுப் போங்க மாமா" என்றேன்.

மாமா துண்டை எடுத்தார். திரும்பினார். குதிகாலால் உதைத்தார். கீழ் இழுப்பறை சர்ரென்று உள்ளே போனது. அதே நொடியில் மேல் இழுப்பறை, யாரோ உள்ளிருந்து தள்ளியது போல, நான்கு விரல் அளவு வெளியே வந்து நின்றது.

முதுகைக் காட்டியபடி நின்ற மாமா, "என்னடா ஆச்சு?" என்றார்.

"அப்பா," என்றார் இவர். "இன்னொரு தடவை உதைங்க."

மாமா இந்த முறை தலையைத் திருப்பிக்கொண்டு உதைத்தார். இழுப்பறை வந்ததைத் தன் கண்ணால் பார்த்தார். அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. இழுத்து இழுத்து உதைத்தார். "நான் இல்ல! பாத்தியா, நான் இல்ல!" என்று ஒவ்வோர் உதைக்கும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண் நிறைந்திருந்தது.

இவர் உள்ளே போய் சாவியை எடுத்து வந்து, அப்பாவின் சட்டைப்பையில் தானே போட்டார். "திங்கக்கிழமை வரலைன்னு டாக்டருக்குச் சொல்லிடறேன்."

"நீ போய்ட்டு வா," என்றார் மாமா. "குடையை விட்டுட்டு வந்தவன் நீயும்தானே?"

நான் இருவருக்கும் விளக்கினேன். மகாராணிக்கு இரண்டு இழுப்பறை இருந்தாலும் உள்ளே அறை ஒன்றுதான், நடுவில் தடுப்புப் பலகை கிடையாது. முன்பு பின்பக்கத்து ஓட்டை வழியாகவும் ஓரத்து இடைவெளிகள் வழியாகவும் காற்று போய்க்கொண்டிருந்தது. நான் ஓட்டையை அடைத்தேன். இவர் வெல்வெட்டால் ஓரங்களை அடைத்தார், மெழுகு பூசி வழுக்கவும் வைத்தார். கீழ் இழுப்பறையை வேகமாகத் தள்ளினால் உள்ளிருக்கும் காற்று நசுங்கி, லேசான மேல் இழுப்பறையை வெளியே தள்ளுகிறது. மெதுவாகத் தள்ளினால் காற்று எங்காவது கசிந்துவிடும், ஒன்றும் நடக்காது. மேல் இழுப்பறையை மூடும்போது கனமான கீழ் இழுப்பறை நகர மறுக்கிறது. காற்று ஓரத்தில் மெல்லக் கசிந்துதான் வெளியேற வேண்டும். அதுதான் அந்தப் பெருமூச்சு.

"அப்ப நாம அழகு பண்ணதுதான் வினை," என்றார் இவர்.

"ஓட்டையோட வந்தவளுக்கு மூச்சை அடைச்சிட்டீங்க," என்றார் மாமா.

பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினோம். பின்பலகையில், மேல் இழுப்பறைக்கு நேராக ஒன்றும் கீழ் இழுப்பறைக்கு நேராக ஒன்றுமாக, கட்டைவிரல் நுழையும் அளவில் இரண்டு துளைகள் போட்டேன். பூப்போட்ட காகிதமும் சேர்த்துக் கிழிந்தது, அது பரவாயில்லை. பூச்சி போகாமல் இருக்கத் துளைகளின் மேல் வலைத்துணி ஒட்டினேன். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினோம். மாமா கீழ் இழுப்பறையைக் குதிகாலால் உதைத்தார். அது மூடியது. மேல் இழுப்பறை மூடியபடியே இருந்தது.