ஆறு பத்து பேருந்தின் எடை

பட்டினப்பாக்கத்திலிருந்து தியாகராய நகர் செல்லும் காலை ஆறு பத்து பேருந்து, தனியார் நிறுவனத்தின் கைக்குப் போன முதல் திங்கட்கிழமையே தரையிலிருந்து ஒரு முழம் எழும்பிவிட்டது. அன்று அதில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். கதவு மூடியதும் எழும்பியது. ஆனால் சரியாக ஆறு பத்துக்குக் கிளம்பியது. அந்தத் தடத்தில் பல வருடமாக நடக்காத காரியம் அது என்பதால், உயரத்தைப் பற்றி லஸ் நிறுத்தம் வரும்வரை யாரும் பேசவில்லை.

புது வண்டி நல்ல வண்டிதான், அதையும் எழுதிவிட வேண்டும். குளிர்சாதனம் உண்டு, புகை கிடையாது. பழைய அரசு வண்டி மழை பெய்தால் உள்ளேயும் ஒழுகும், வாரத்தில் ஒரு நாள் வரவே வராது. எழும்பிய வண்டிக்கோ சாலையின் பள்ளம் மேடு ஒன்றும் தெரியவில்லை. நகைக்கடையில் வேலை பார்க்கும் ஷண்முகப்ரியா, "குலுக்கலே இல்லப்பா, கண்ணுக்கு மை இங்கயே போட்டுக்குறேன்" என்றாள். குறை ஒன்றுதான். சக்கரம் தரையில் படாததால் பிரேக் பிடிக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு கடை தள்ளிப் போய் நின்றது. வயதானவர்களைக் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

ரோஸி அதில் இல்லை. பட்டினப்பாக்கத்தில் மீன் எடுத்து மாம்பலத்துத் தெருக்களில் விற்பவள் ரோஸி. இருபது வருடமாக அதே ஆறு பத்தின் கடைசி இருக்கையடியில் கூடையை வைத்துப் போனவள். மீன்கூடைகள் ஏறிய பிறகே நடத்துநர் செந்தில்குமார் மற்றவர்களை ஏற்றுவார். அது வழக்கம், எந்தக் காகிதத்திலும் இல்லை. தடத்தைக் கைமாற்றியபோது இருக்கை, நடை, நிறுத்தம் என்று எல்லாவற்றையும் பட்டியல் போட்ட அதிகாரிகள், காகிதத்தில் இல்லாததை விட்டுவிட்டார்கள். செந்தில்குமாரைப் புது வண்டியிலும் வைத்துக்கொண்டார்கள். மீன்கூடைக்கு விதியில் இடமில்லை என்றார்கள். ஷேர் ஆட்டோக்காரர்களும் ஏற்றவில்லை. ரோஸி நடந்து போய்ச் சேர எட்டரை ஆனது. அதற்குள் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டியிருப்பார்கள். மூன்று வாரத்தில் பதினான்கு வாடிக்கை வீடுகள் கைவிட்டுப் போயின. "இன்னும் ஒரு மாசம் இப்டியே போய்க்கினு இருந்தா, கூடைய கவுத்து வெச்சிட்டு வூட்டு வேலைக்குத்தான்" என்று செந்தில்குமாரிடம் சொன்னாள்.

நிறுவனத்தின் மேலாளர் ஜவஹர், வண்டியைத் தரைக்கு இறக்க அதில் நாற்பது மணல்மூட்டை ஏற்றிப் பார்த்தார். அசையவில்லை. சந்தையில் மீன் வாங்கிக் கூடையில் வைத்துப் பார்த்தார். வண்டி இன்னும் இரண்டு விரல் எழும்பியது. "ரோஸியக்காவ ஏத்திப் பாருங்க சார்" என்றார் செந்தில்குமார்.

ஜவஹர் கடற்கரைக்கே போனார். "உங்க கூடைக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கேன்மா."

"எனக்கு மட்டும்னா வாணாம் நைனா. எங்கூட இன்னும் நாலு கூடை கீது. அதுங்க இன்னா, பறந்து வருமா?"

"தண்ணி ஒழுகுமே?"

"உன் வண்டியே பறக்குது. அத்த வுட்டுட்டு கூடை ஒழுகறத பாக்குற."

மறுநாள் ஐந்து கூடைகளும் ஏறின. வண்டி சத்தமில்லாமல் தரையில் இறங்கியது, பிரேக் பிடித்தது. அந்த வாரம் நாற்றம் என்று பதினொரு புகார், குலுக்கல் என்று இருபத்தாறு புகார் வந்தன. பதினான்கு வீடுகளில் ஒன்பது ரோஸிக்குத் திரும்பக் கிடைத்தன.

புரட்டாசியில் மாம்பலத்தில் மீன் வாங்குவோர் குறைவு. கூடைகள் வராது, வண்டி எழும்பிவிடும். நிறுவனம் நிறுத்தத்துக்கு ஒரு முக்காலி போட்டு, கால அட்டவணையின் அடியில் ‘புரட்டாசி மாதம் ஒரு முழம் மேலே’ என்று அச்சிட்டது. சென்ற புரட்டாசியில் விடியற்காலைத் தள்ளுபடியில் மகளுக்குத் துணி எடுக்க ரோஸி வெறுங்கையோடு வந்தாள், முக்காலியில் கால்வைத்து ஏறி, சன்னலோரம் உட்கார்ந்தாள். "நல்லாத்தான் கீது" என்று செந்தில்குமாரிடம் சொல்லிவிட்டு, தேனாம்பேட்டை வரை தூங்கினாள்.